மாநகர இன்பமும் நாகரிகமும்

"கெட்டும் பட்டணம் சேர்" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. வாழ்ந்து கெட்டவனும் பட்டணம் போய்ச் சேர்ந்தால் பிழைத்துக்கொள்வான் என்பது அதன் பொருள். அதே முன்னோர்தாம் பட்டணம் புறப்படும் பிள்ளையை வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, "பட்டணத்துப் பழக்கம் படிந்துவிடாமல் பார்த்துக்கொள்" என்றும் சொல்லி அனுப்பினர். பிழைப்பதற்குப் பட்டணம் வேண்டும். ஆனால் பட்டணத்தின் ஊணும் உடையும் ஆட்டமும் பாட்டும் வேண்டா என்பதே இவ்விரு கூற்றுகளிலும் புலப்படும் மனநிலை. நம் சமுதாயப் பெரியவர்கள் பலரிடம் இம்மனநிலை இன்றும் நிலவுகிறது.

இதற்கு நேர்மாறான மனநிலை இளைஞரிடம் காணப்படுகிறது. பட்டம் பெற்றுத் தலைநகர் சென்ற மாணவர் சிலர், ஆறு திங்கள் கழித்து ஊர் திரும்பும்போது ஆளே மாறிவிடுகின்றனர். எந்த உணவகத்தில் உண்டோம், எந்த நிறுவனத்தின் சட்டையை உடுத்தினோம், ஒரு கோப்பைக் காப்பிக்கு எத்தனை ரூபாய் கொடுத்தோம் என்பனவே அவர்களது பேச்சாகின்றன. இவற்றையெல்லாம் அறியாதவர் நாகரிகம் அறியாதவர் என்பது அவர்களது துணிபு.

பெரியவரும் இளையவரும் ஒன்றில் மட்டும் உடன்படுகின்றனர். நாகரிகம் என்பது கடையில் விலைக்குக் கிடைக்கும் பொருள் என்று இருவருமே நம்புகின்றனர். ஒருவர் அதனை வாங்காதே என்கிறார். மற்றவர் வாங்கியே தீருவேன் என்கிறார். இந்நம்பிக்கையே பிழையானது என்பது என் கருத்து. மாநகரத்தின் நல்லின்பங்களைத் துய்ப்பது குற்றமன்று. அவ்வின்பத்தில் அயலானுக்கு இடமில்லாமற் போவதே குற்றம். இதனை இலக்கியத்தின் துணைகொண்டும், நம் மார்க்கத்தின் துணைகொண்டும், நாம் கண்ணால் காணும் சென்னை மாநகரின் துணைகொண்டும் ஆராய்வோம்.

சொல்லும் பொருளும்

நாகரிகம் என்னும் சொல் நகர் என்பதன் அடியாகப் பிறந்தது என்பர். எனினும் வள்ளுவர் அச்சொல்லை ஆளும் இடம் நம் சிந்தனைக்குரியது. அணிகலனையோ ஆடையையோ பேசும் இடத்தில் அவர் அச்சொல்லை வைக்கவில்லை. 58ஆம் அதிகாரமாகிய கண்ணோட்டத்தின் இறுதிக் குறளில் வைத்தார். தம்மோடு பழகியவர் தம் கண்ணெதிரே நஞ்சைப் பெய்து கொடுத்தாலும், அதனை மறுத்து அவர் முகம் வாடச் செய்யாமல் உண்டு அமைபவரே நாகரிகத்தை விரும்புபவர் என்பது அக்குறளின் கருத்து. நற்றிணையின் 355ஆம் பாடலும் இக்கருத்தையே கூறுகிறது.

இங்கே இரண்டு செய்திகளைக் கருத வேண்டும். முதலாவது, நாகரிகத்தை விளக்க வந்த நம் முன்னோர் தேர்ந்தெடுத்த காட்சி ஓர் உணவுக் காட்சி. என்ன உண்கிறோம் என்பதைக் காட்டிலும், யாரோடு, எத்தகைய மனத்தோடு உண்கிறோம் என்பதில் நாகரிகம் இருப்பதாக அவர்கள் கருதினர். இரண்டாவது, கண்ணோட்டம் என்னும் சொல் இன்று பார்வைக் கோணம் என்ற பொருளில் வழங்குகிறது. அன்று அதன் பொருள் வேறு. கண்ணில் பட்டவர்மேல் நெஞ்சம் ஓடிச் சென்று இரங்குதலே கண்ணோட்டம். ஆகவே, தமிழ் மரபின்படி, எதிரில் இருப்பவன் கண்ணில் படாதவாறு இன்பம் துய்ப்பவன், எத்துணை விலையுயர்ந்த உணவை உண்டாலும் நாகரிகன் ஆகான்.

பண்டைத் தமிழ் நகரங்கள்

நகர இன்பத்தை வெறுத்த இலக்கியமன்று நம் இலக்கியம். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை 301 அடிகளைக் கொண்டது. அதன் பெரும்பகுதி காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தையும் மகிழ்ச்சியையும் பேசுகிறது. அந்நகரத்து மகளிர் இரவில் பட்டை நீக்கி மெல்லிய துகில் உடுத்தியதையும் அப்புலவர் கூறத் தவறவில்லை. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியோ 782 அடிகளில் மதுரையின் பகற்கடைத் தெருவாகிய நாளங்காடியையும் இரவுக்கடைத் தெருவாகிய அல்லங்காடியையும், அங்குக் கிடைத்த பண்டங்களையும் தின்பண்டங்களையும் விரித்துரைக்கிறது. நள்ளிரவு வரை கடை திறந்திருப்பது நேற்று வந்த வழக்கமன்று என்பதை நம் மாணவர் இதனால் அறியலாம்.

ஆயினும் இப்புலவர்கள் இன்பத்தை மட்டும் பாடிச் செல்லவில்லை. பட்டினப்பாலையில் அட்டிற்சாலையிலிருந்து வடிந்த கஞ்சி ஆறுபோல் தெருவில் ஓடுகிறது. எருதுகள் ஒன்றோடொன்று பொருவதால் அது சேறாகிறது. அந்தச் சேறு உலர்ந்து, தேர் ஓடும்போது புழுதியாகிப் பறந்து, ஓவியம் தீட்டிய வெண்சுவர்களில் படிகிறது. சோறு வடித்த கஞ்சி மாளிகையின் சுவரை மாசுபடுத்துவதைப் புலவர் நகருக்கு இழுக்காகக் கூறவில்லை, பெருமையாகக் கூறுகிறார். அந்நகர வணிகர் வாங்கும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் விற்கும்போது அளவைக் குறைக்காமலும் வாழ்ந்தனர் என்றும், பல நாடுகளிலிருந்து வந்த பல மொழி பேசுவோர் அங்கே கலந்து இனிது உறைந்தனர் என்றும் அவர் கூறுகிறார். சோறும் நேர்மையும் அயலார்க்கு இடமும் சேர்ந்ததே அவர் கண்ட நகரச் சிறப்பு.

இதன் மறுபக்கத்தைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் வீதிகளைக் கண்டு மகிழ்கிறான். மணிகள் விற்கும் வீதி, பொன் வீதி, அறுவை வீதி, கூல வீதி என ஒவ்வொன்றாகக் கண்டு வியக்கிறான். வெளியூரிலிருந்து முதன்முதலாகப் பெருநகர் வந்த ஓர் இளைஞனின் மகிழ்ச்சி அது. அதே நகரம் அவனைக் கள்வன் என்று கருதி, உசாவாமல் கொன்றது. அயலூரான் ஒருவனிடம் அரசு காட்டியிருக்க வேண்டிய கண்ணோட்டம் அங்கே இல்லை. அத்துணை அழகிய வீதிகளும் பின்னர் எரியுண்டன. நகரின் அழகு நகரைக் காவாது, நகரத்தாரின் நீதியே காக்கும் என்பது இளங்கோவடிகள் நமக்குத் தந்த பாடம்.

மார்க்கம் கூறுவது

நம் மார்க்கம் அழகுக்கும் சுவைக்கும் எதிரானது என்று கருதுவோர் நம்மவரிடையேயும் உளர். திருக்குர்ஆனின் 7ஆம் அத்தியாயம் 31ஆம் வசனத்தை அவர்கள் ஊன்றிப் படித்தல் நன்று. தொழும் இடத்தில் அழகிய ஆடை அணிதல், உண்ணல், பருகல் ஆகிய மூன்றையும் அவ்வசனம் ஒருசேரக் கூறி, வீண்விரயம் ஒன்றையே விலக்குகிறது. அடுத்த வசனமோ, இறைவன் தன் அடியார்க்கென வெளிப்படுத்திய அழகையும் தூய உணவுகளையும் விலக்கியவர் யார் என்று வினவுகிறது.

அழகிய ஆடையும் அழகிய காலணியும் வேண்டும் என ஒருவர் விரும்பினால் அது பெருமையாகுமா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டது. இறைவன் அழகானவன், அவன் அழகை விரும்புகிறான் என்று கூறிய அண்ணலார், உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாக எண்ணுவதுமே பெருமை என்று விளக்கினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் இந்நபிமொழியை வள்ளுவரின் கண்ணோட்டத்தோடு ஒப்பிட்டு நோக்குக. குற்றம் சட்டையில் இல்லை. அச்சட்டை அணியாதவனைத் தாழ்வாக நோக்கும் கண்ணில் இருக்கிறது.

மாநகரில் எல்லாவற்றையும் துய்க்கலாமோ என்னும் வினா இங்கே எழும். எல்லை உண்டு. மது நமக்கு விலக்கப்பட்டது. வள்ளுவரும் கள்ளுண்ணாமைக்கென 93ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறை மது விற்பனையை நடத்திவரும் நம் மாநிலத்தில், குடியால் சிதைந்த குடும்பங்களைக் காணாதவர் இலர். உணவிலும் ஹலால், ஹராம் என்னும் வரையறை உண்டு. இவ்வரையறைகளைப் பேணுவோர், பேணாதாரைப் பழிக்காமலும், தாம் பேணுவதற்கு நாணாமலும் வாழ முடியும். நண்பர்கள் கூடும் இடத்தில், "எனக்கு இது வேண்டா" என்று புன்முறுவலோடு சொல்லத் தெரிந்த இளைஞன் எந்த மாநகரிலும் தலைநிமிர்ந்து நடப்பான்.

ஒரு கோப்பைக் காப்பியின் வரலாறு

இனிச் சென்னைக்கு வருவோம். சென்னை மாநகரின் அடையாளம் என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளும் பானம் வடிகட்டிய காப்பி. இதன் வரலாறு சுவையானது. 15ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டு சூஃபிகள் இரவு வணக்கத்தில் உறக்கம் அணுகாதிருக்கக் காப்பி அருந்தினர். 1511இல் மக்காவில் அதற்குத் தடை விதிக்கப்பட்டது, அத்தடை நிலைக்கவில்லை. பாபா புதன் என்னும் சூஃபிப் பெரியார் ஏழு காப்பிக் கொட்டைகளை அரபு நாட்டிலிருந்து கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது மரபுவழிச் செய்தி. அம்மலை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. யமன் நாட்டு இறையடியாரின் பானம் மயிலாப்பூர் அக்கிரகாரத்தின் வெண்கல டபராவில் வந்து சேர்ந்தது. நகரப் பண்பாடு என்பது இவ்வாறு கைமாறிக் கைமாறி வளர்வது. இது எங்களுடையது, இது உங்களுடையது என்று கோடு கிழிப்பவர் தம் கையிலுள்ள கோப்பையின் வரலாற்றை அறியாதவர்.

ஆனால் அந்தக் காப்பியை அருந்தும் இடத்தில் கோடு கிழிக்கப்பட்டதும் வரலாறுதான். இரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணர்க்கு ஓரிடம், ஏனையோர்க்கு வேறோரிடம் என்றிருந்த முறை 1941இல்தான் நீங்கியது. உணவு விடுதிப் பெயர்ப் பலகையில் இருந்த சாதிச் சொல்லை எதிர்த்து 1957இல் திருவல்லிக்கேணியில் தந்தை பெரியாரின் இயக்கத்தார் மாதக்கணக்கில் மறியல் செய்தனர். ஆகவே இன்று சென்னையில் யாரும் எந்த விடுதியிலும் அருகருகே அமர்ந்து இட்டலி உண்ண முடிவது காலத்தால் தானே வந்த வசதியன்று. சிலர் சிறைசென்று பெற்றுத் தந்த உரிமை அது. அவ்வுரிமையைத் துய்க்கும் நாம் அதன் விலையை மறத்தல் தகாது.

பிரியாணியும் வாடகை வீடும்

உணவைப் பொறுத்தவரை சென்னை இன்று பல ஊர்களின் பந்தி. மவுண்ட் ரோடு என்றிருந்த அண்ணா சாலையில் 1951இல் தொடங்கப்பட்ட புகாரி உணவகமே சிக்கன் 65 என்னும் உணவை 1965இல் அறிமுகப்படுத்தியது என்பர். இன்று அது முச்சந்திக் கடைகளிலும் கிடைக்கிறது. ஆம்பூரும் திண்டுக்கல்லும் தத்தம் சீரகச் சம்பா பிரியாணியோடு தலைநகருக்கு வந்துள்ளன. பர்மாவிலிருந்து உடைமை இழந்து திரும்பிய தமிழர்களுக்கென 1969இல் கடற்கரை இரயில் நிலையத்தின் அருகே உருவான பர்மா பஜாரை ஒட்டி, அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் உணவு விற்கும் தள்ளுவண்டிகள் நிற்கின்றன. அகதியாய் வந்தவன் தன் துயரத்தோடு தன் சுவையையும் கொண்டுவந்தான். நகரம் அவனுக்கு நடைபாதையில் ஓரிடம் தந்தது. அவன் நகருக்கு ஒரு புதிய சுவையைத் தந்தான்.

நாகரிகத்தின் உச்சமாக நான் கருதும் காட்சி ஒன்று திருவல்லிக்கேணியில் உண்டு. 1795இல் எழுந்த வாலாஜா பெரிய பள்ளிவாசலில் ரமலான் மாதந்தோறும் நோன்பு திறப்போர்க்கு உணவு பரிமாறும் தொண்டர்களில், மயிலாப்பூர் சூஃபிதார் அறக்கட்டளையைச் சேர்ந்த இந்துக்கள் பல்லாண்டுகளாக முன்னிற்கின்றனர். 1947 பிரிவினையில் சிந்து மாநிலத்தை விட்டு வந்த அகதி ஒருவர் தொடங்கிய தொண்டு இது. மயிலாப்பூரில் சமைத்த சைவ உணவு வண்டியில் ஏற்றித் திருவல்லிக்கேணிக்கு வருகிறது. பரிமாறுவோர் தலையில் தொப்பி அணிந்துகொண்டு பரிமாறுகின்றனர். பிரிவினையால் வீடிழந்தவர், எந்தச் சமயத்தின் பெயரால் நாடு பிரிந்ததோ அச்சமயத்தார்க்கே நோன்புக் கஞ்சியோடு உணவும் வைக்கிறார். வள்ளுவர் கூறிய கண்ணோட்டத்திற்கு இதனினும் மேலான விளக்கம் எந்த உரையாசிரியரும் எழுதியதாக நான் அறியேன்.

இதே மாநகரின் வேறொரு முகத்தையும் மறைத்தல் ஆகாது. நம் பிரியாணியை விரும்பி உண்ணும் நகரம், அதனைச் சமைப்பவர்க்கு வீடு வாடகைக்குத் தரத் தயங்குகிறது. பெயரைக் கேட்கும்வரை காலியாக இருந்த வீடு, பெயரைக் கேட்டபின் முன்னாளே முடிந்துவிட்டதாகக் கூறப்படும் அனுபவத்தை நம் முன்னாள் மாணவர்கள் பலர் கூறக் கேட்டிருக்கிறேன். "சைவ உணவினருக்கு மட்டும்" என்னும் அறிவிப்பைப் பலரும் கண்டிருப்பர். ஒருவர் தம் வீட்டில் புலால் சமைக்க விரும்பாமை அவரது உரிமை எனலாம். ஆனால் தெரு முழுவதும் அவ்வாறே கதவடைக்குமாயின், கோவலனைக் கண்ட மதுரைக்கும் அந்நகருக்கும் வேறுபாடு இல்லை. சுவையை ஏற்றுச் சுவை தந்தவனை மறுப்பது நாகரிகமன்று.

இதைக் கூறும்போதே நம்மை நோக்கியும் ஒரு வினா எழுப்புதல் முறை. நம்மவர் வீடுகளும் தெருக்களும் பிறர்க்குத் திறந்துள்ளனவா? சாதி கேட்டு வீடு மறுக்கும் வழக்கம் நம்மிடையே அறவே இல்லை என்று நெஞ்சில் கைவைத்துக் கூற முடியுமா? நாம் கேட்கும் நீதியை நாமும் வழங்குவதே அறம்.

உடையும் உழைப்பும்

உடையைப் பற்றியும் சில கூற வேண்டும். நம் வீடுகளில் கைலி என்று வழங்கும் கட்டம்போட்ட துணியை உடுத்தித் தெருவில் இறங்க இளைஞர் நாணுகின்றனர். அக்கட்டத் துணிக்கு உலகம் இட்ட பெயரே மதராஸ் என்பதை அவர்கள் அறிவார்களா? பழவேற்காடும் சென்னையும் ஏற்றுமதி செய்த துணி மேலை ஆப்பிரிக்காவில் விழாக்கால உடையாயிற்று; அமெரிக்கர்க்குக் கோடைகாலச் சட்டையாயிற்று. நம் நெசவாளியின் கட்டம் அயல்நாட்டு நிறுவனத்தின் முத்திரையோடு திரும்பி வரும்போதுதான் நாம் அதற்கு மதிப்பளிக்கிறோம். இது அடிமை மனத்தின் எச்சமே அன்றி வேறன்று.

தியாகராய நகர் இரங்கநாதன் தெருவில் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் துணி எடுப்பது தமிழ்க் குடும்பங்களுக்குப் பெருமகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சிக்குப் பின்னால் நின்ற கால்களை 2010இல் வெளிவந்த 'அங்காடித் தெரு' திரைப்படம் நமக்குக் காட்டியது. நாள் முழுதும் உட்கார இடமின்றி நின்று உழைத்த விற்பனைப் பணியாளர்கள், பெரும்பாலும் சிற்றூர்களிலிருந்து வந்த இளம்பெண்களும் இளைஞர்களும், நம் கண்ணில் படாமலே இருந்தனர். 2018இல் கேரளமும் 2021இல் தமிழ்நாடும் கடைப் பணியாளர்க்கு இருக்கை அளிக்க வேண்டும் எனச் சட்டத் திருத்தம் செய்தன. ஒரு மனிதன் உட்காருவதற்குச் சட்டம் வேண்டியிருந்தது என்பதை எண்ணும்போது, நாம் எவ்வளவு காலம் கண்ணோட்டமின்றித் துணி எடுத்திருக்கிறோம் என்பது புலனாகும். இன்று கைப்பேசியில் விரல் தொட்டால் உணவைச் சுமந்து மழையில் வரும் இளைஞனுக்கும் இது பொருந்தும். அவர்களுக்கென நலவாரியம் அமைக்கப்படும் என்று தமிழ்நாடு அரசு 2023இல் அறிவித்தது. வாரியம் அரசின் கடமை. வாசலில் நிற்பவனை முகம் பார்த்து, ஒரு குவளைத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பது நம் கடமை.

கலையும் நூலும்

பண்பாட்டு இன்பங்களுள் கலைக்கே முதலிடம். 1928இல் நிறுவப்பட்ட மியூசிக் அகாதெமியும், தமிழிசைக்காக 1943இல் எழுந்த தமிழ் இசைச் சங்கமும் சென்னைக்குப் பெருமை சேர்த்தன. 2017இல் யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்களின் வரிசையில் இசைக்காகச் சென்னை இடம்பெற்றது. இவையெல்லாம் பிறர்க்குரியன என்று நம் மாணவர் ஒதுங்க வேண்டியதில்லை. நாதசுவரப் பேரறிஞர் ஷேக் சின்ன மௌலானா அவர்கள் மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதை 1998இல் பெற்றவர். நாகூர் ஹனீபா அவர்களின் குரல் நம் வீடுகளில் மட்டுமா ஒலித்தது? வடசென்னையில் தவமியற்றி 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு தொண்டியிலிருந்து வந்தவர். தொண்டியார் வாழ்ந்த இடமே தண்டையார்பேட்டை ஆயிற்று என்பர். அவரைப் போற்றி நான்மணிமாலை பாடியவர் சரவணப் பெருமாளையர். மாநகரின் பண்பாட்டில் நாம் விருந்தினர் அல்லர்; அதனைக் கட்டியவர்களுள் நாமும் ஒருவர்.

இன்னொரு செய்தி. இன்று இலட்சக்கணக்கானோர் கூடும் சென்னைப் புத்தகக் காட்சி 1977இல் முதன்முதலாக நடந்த இடம் அண்ணா சாலையிலுள்ள மதரஸா-இ-ஆஸம் பள்ளி வளாகம். முஸ்லிம் கல்விக்கென எழுந்த ஒரு வளாகம் தமிழ் நூல்களுக்கெல்லாம் முதல் பந்தலாக அமைந்தது நாம் பெருமை கொள்ளத்தக்கது. 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும், 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும் எளியவர்க்கும் வாசலைத் திறந்து வைத்துள்ளன. 1884இல் உலாவீதி அமைக்கப்பட்ட மெரினாவின் காற்றுக்கு நுழைவுச் சீட்டு இல்லை. மாநகரின் மிக உயர்ந்த இன்பங்கள் பணப்பையைக் கேட்பதில்லை. நேரத்தையும் மனத்தையுமே கேட்கின்றன. மாதச் சம்பளத்தை ஓரிரவு விருந்தில் செலவிட்டுவிட்டுக் கடன் வாங்கும் இளைஞர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

பெரியவர்களுக்கும் மாணவர்களுக்கும்

சமுதாயப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நகர இன்பத்தில் விரயம் என்று இளைஞரைக் கடியும் நாம், நம் திருமண விருந்துகளில் பெரும் சஹன் தட்டுகளில் பாதி உணவு மீந்து குப்பைக்குப் போவதைக் காண்கிறோம். விலக்கப்பட்டது நகரமன்று, விரயமே. அவ்விலக்கு நம் மண்டபத்துக்கும் பொருந்தும்.

நம் பெண்மக்களைப் பற்றியும் சிந்திக்க வேண்டும். மகன் கடற்கரைக்குப் போகலாம், புத்தகக் காட்சிக்குப் போகலாம், நண்பரோடு உணவகத்தில் அமரலாம். மகளுக்கோ கல்லூரியும் வீடுமே நகரம். 2021 மே மாதத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. பேருந்தின் கதவு திறந்தபின்னும் வீட்டின் கதவு திறக்கவில்லையெனில் என்ன பயன்? கண்ணியம் பேணிக் கற்கவும் காணவும் மகிழவும் மகளுக்கும் உரிமை உண்டு. நூலகத்தின் வாசகர் மேசையில் நம் மகள் அமரும் நாளே நம் சமுதாயம் நகரத்தில் முழுமையாகக் குடியேறிய நாள் எனலாம்.

அன்பு மாணவச் செல்வங்களே! நீங்கள் நாளை பெருநகரங்களுக்குச் செல்வீர்கள். அஞ்சிச் செல்ல வேண்டா; மயங்கியும் செல்ல வேண்டா. நல்ல உணவை உண்ணுங்கள். அதனைச் சமைத்தவன் ஊரைக் கேட்டறியுங்கள். நல்ல உடையை உடுத்துங்கள். நெய்தவனையும் விற்றவனையும் மதியுங்கள். கச்சேரியைக் கேளுங்கள், நூலைப் படியுங்கள், கடற்கரையில் நடங்கள். வேற்றுச் சமயத்து நண்பனை உங்கள் அறைக்கு விருந்துக்கு அழையுங்கள். அவன் உண்ணாதது இன்னது என்று அறிந்து, அதனை விலக்கிச் சமையுங்கள். அவன் அழைக்கும்போது நீங்களும் செல்லுங்கள். உங்களுக்கு விலக்கானதைத் தயங்காமல் சொல்லுங்கள். ஊரிலிருந்து புதிதாக வந்து விழித்து நிற்கும் இளைஞனுக்கு முதல்நாள் உணவையும் படுக்க இடத்தையும் கொடுங்கள். அவன் எந்தச் சாதியானாலும், எந்தச் சமயத்தானாயினும் கொடுங்கள்.

அவ்வாறு வாழ்வீர்களாயின், ஊர் திரும்பும்போது உங்கள் சட்டையைப் பார்த்து எவரும் உங்களை நாகரிகர் என்று சொல்ல வேண்டியிராது. உங்கள் பந்தியில் அமர்ந்து உண்டவர்கள் சொல்வார்கள். அத்தகைய நல்வாழ்வை எல்லாம் வல்ல இறைவன் நம் மாணவர் அனைவர்க்கும் அருள்வானாக!